டாட்ஜ் இழுத்த வண்டி

ஐம்பத்தாறாம் வருஷத்து டாட்ஜ் காருக்கு வயதாகிவிட்டதாம், உடைக்க வேண்டுமாம்; அரசாங்க உத்தரவு. அதைக் கொண்டுபோகப் போக்குவரத்து அதிகாரியோடு வந்த இழுவை வண்டி ஜெசிந்தாவின் வாசலிலேயே நின்றுபோனது. எவ்வளவு முடுக்கியும் கிளம்பவில்லை.

“என் டாட்ஜுல கட்டுங்க. நானே இழுத்துட்டு வர்றேன்” என்றாள். பதினோரு வருஷம் ஒவ்வொரு நட்டாகத் தேடிப் பூட்டியவள். அதிகாரியை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டாள். தெருமுனையில் தன் பழைய பிளைமவுத் காரோடு காத்திருந்த நண்பர் மீரான், ஊரே திரும்பிப் பார்க்க ஹாரன் அடித்தபடி பின்னால் வந்தார்.

உடைக்கும் இடத்துக் காவலாளி, ஓட்டுநர் என்று நினைத்து வலப்பக்க ஜன்னலில் குனிந்தார். அமெரிக்க வண்டியில் ஸ்டியரிங் இடப்பக்கம். வலப்பக்கம் அதிகாரிதான் உட்கார்ந்திருந்தார்.

“சார், இதுல எதை உடைக்கணும்?”

ஜெசிந்தா இன்ஜினை அணைக்கவில்லை.

“சொல்லுங்க சார்” என்றாள்.