காயாத சேலை

"குறை நினையாதேங்கோ தங்கச்சி. நான் கமராவைக் கையில எடுக்கிற நேரம் பாத்துத்தான் இவ உடுப்புக் காயப்போடுவா," என்றான் கிருசாந்தன்.

தாட்சாயினி யன்னலால் பார்த்தாள். வீட்டு வளவின் நடுவில், குருவிகள் வந்து இருப்பதற்காக நட்டிருந்த பட்ட கிளைக்கு நேர் பின்னால், கொடியில் ஒரு பச்சைச் சேலை தொங்கியது.

கிளிநொச்சியில் நடக்கப்போகும் பறவைப் படக் கண்காட்சிக்குப் படம் தெரிவுசெய்ய அவள் தண்ணீரூற்றுக் கிராமத்துக்கு வந்திருந்தாள். கிருசாந்தனுக்கு இடுப்புக்குக் கீழே இயக்கமில்லை. அவன் எடுத்த படங்கள் எல்லாம் இந்த ஒரு யன்னலில் சக்கர நாற்காலியில் இருந்தபடி எடுத்தவை.

அவன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். மீன்கொத்தி. நெஞ்சு வெள்ளையும் செட்டை நீலமுமாகத் துலங்கியது. பின்னால் ஒரே பச்சை, கரைத்துவிட்டதுபோல்.

"இது அந்தச் சேலையோ?"

"வேற என்ன செய்யிறது? இருக்கிறதை வைச்சுத்தான் எடுக்கோணும். குருவி கிட்ட, சேலை தூர. காலமை வெயில் வீட்டுக்குப் பின்னால இருந்து குருவியின்ர முகத்தில விழும். கண்ணில ஒரு பொட்டு வெளிச்சம் விழுகிற வரைக்கும் பொறுத்திருப்பன்."

அடுத்தது பச்சைப் பஞ்சுருட்டான். இதற்குப் பின்னணி மண்ணிறம்.

"இந்தக் குருவி பச்சைக்கு முன்னால எடுபட்டிருக்காது அண்ணை."

"அது பின்னேரத்தில வாற குருவி. அவ மண்ணிறச் சேலையைப் பின்னேரத்திலதான் தோய்ப்பா. என்ர அதிர்ஷ்டம்."

அவன் மனைவி ரஜிதா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பூப்போட்ட பழைய சட்டை போட்டிருந்தாள்.

"அக்கா, கொடியைக் குசினிப் பக்கம் கட்டலாம்தானே? அவர் படமெடுக்கிற இடமெல்லோ?"

"அங்க வெயில் படாது பிள்ளை," என்றுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"சொல்லிச் சொல்லி நான் களைச்சுப்போனன்," என்றான் கிருசாந்தன். "நான் என்ன எடுக்கிறன் எண்டு ஒரு நாள் எட்டிப் பாத்திருப்பாவோ?"

கமராத் தாங்கி ஒரு பக்கம் சரிந்தது. தாட்சாயினி பிடிக்கப் போனாள்.

"விடுங்கோ!"

அவனே எட்டி நிமிர்த்தினான். மூச்சு வாங்கியது.

"குளிக்க, படுக்க, எல்லாத்துக்கும் ஆள் வேணும் எனக்கு. படத்தில மட்டும் ஒருத்தற்ற கையும் படக்கூடாது. போன மாதம் எங்கட ஊர் வீரையா அண்ணை குருவிக்குப் பின்னால கட்டச் சொல்லி ஒரு துணி கொண்டுவந்தார். பாவம் பாக்கிறாராம். அப்பிடியே திருப்பி அனுப்பிப்போட்டன். அந்தத் துணியைக் கட்டினா அது என்ர படமோ?"

அவள் பேச்சை மாற்றினாள். "கண்காட்சிக்குச் சேலை இல்லாமல் ஒண்டு எடுப்பமோ? இயற்கையா இருக்கும்."

"ரஜி! அந்தச் சேலையை எடும்!"

"அது இன்னும் காயேல்லை!" குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பாத்தீங்களே?"

தாட்சாயினிக்கே கோபம் வந்தது. "நான் எடுக்கிறன் அண்ணை," என்று வளவில் இறங்கினாள்.

சேலையின் ஒரு கரையை விலக்கியதும் கண் கூசியது. பக்கத்து வளவுக்காரர் அடித்திருந்த புதுத் தகரவேலி வெயிலில் வெள்ளையாக எரிந்தது. அதற்கு முன்னால் எந்தக் குருவி வந்து இருந்தாலும் வெறும் கறுப்பாகத்தான் தெரியும்.

சேலையின் கீழ்க்கரை காற்றில் ஆடாதபடி இரண்டு முளையில் இழுத்துக் கட்டியிருந்தது. ஒரு சுருக்கமும் இல்லை. துணி மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. சவர்க்கார மணம் இல்லை. அலுமாரிக்குள் போடும் பூச்சி உருண்டையின் மணம்தான் வந்தது. கிணற்றுக் கட்டில் மண்ணிறச் சேலை பின்னேரத்துக்கு மடித்து வைத்திருந்தது.

நிமிர்ந்தபோது குசினி வாசலில் ரஜிதா நின்றாள். வேண்டாம் என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தாள்.

"என்ன தங்கச்சி, எடுத்தாச்சோ?" யன்னலுக்குள்ளிருந்து கிருசாந்தன் கேட்டான்.

தாட்சாயினி சேலைக் கரையை இருந்த மாதிரியே இழுத்து விட்டாள்.

"இல்லை அண்ணை," என்றாள். "அக்கா சொன்னது சரிதான். இன்னும் ஈரம் சொட்டுது."