நாற்பத்தேழாம் நம்பர் ஷூ

"திருடறதுக்கு உனக்கு வேற இடமே கிடைக்கலையா?"

அந்தப் பொண்ணோட கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். அவ துணிப்பைக்குள்ள ஒரே ஒரு ஷூ. நாற்பத்தேழாம் நம்பர்.

இந்தக் கலைக்கூடத்துல ஆறு வருஷமா காவலுக்கு நிக்கிறேன். ஓவியத்து மேல சாஞ்சு நின்னு போட்டோ எடுக்கறவங்க, சிலையோட கைகுலுக்கறவங்கன்னு எல்லாரையும் பார்த்தாச்சு. இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை.

ஏன்னா இது சாதாரணக் கண்காட்சி இல்லை. தையல் தொழிற்சாலையில தீப்பிடிச்சு நூத்திப் பன்னிரண்டு பேர் செத்தாங்களே, அவங்களுக்காக நூத்திப் பன்னிரண்டு ஒத்தை ஷூவைத் தரையில வரிசையா வெச்சிருக்காங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் அட்டை. அத்தனையும் இறந்தவங்க போட்டிருந்தது, இடிபாட்டுல தேடித் தேடி எடுத்தேன்னு இதைச் செஞ்ச சிற்பி அம்மா திறப்பு விழாவுல சொன்னப்போ, எங்க கலைக்கூடத்து இயக்குநர் கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். ஓரமா நின்ன நானும் அழுதேன்.

அதுல போய்க் கை வெச்சிருக்காளே! எரியற வீட்டுல பிடுங்கினது லாபம்னு கேள்விப்பட்டிருக்கேன், கண்ணால பார்த்தது அன்னிக்குத்தான். காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடந்து வராளேன்னு பாவப்பட்டு, என் நாற்காலியைக் குடுத்து உட்கார வெச்சதும் நான்தான். என் புத்தியை என்ன சொல்ல.

தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போய் இயக்குநர் முன்னாடி நிறுத்தினேன்.

அவ அழலை, மன்னிப்பும் கேட்கலை. தரையில உட்கார்ந்து, வலது கால்ல கிடந்த ரப்பர் செருப்பைக் கழட்டிட்டு, அந்த நாற்பத்தேழாம் நம்பர் ஷூவை மாட்டினா. அதுக்கு மட்டும் அடிப்பாகம் ரெண்டு அங்குலத் தடிமன். எழுந்து கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தா. சாய்வே இல்லை, நேரா நடந்தா.

அப்போதான் அவ இடது காலைப் பார்த்தேன். அதே ஷூவோட ஜோடி.

"நான் சாகலைங்க," ன்னா. "ஓடி வரும்போது படிக்கட்டுல கழண்டுடுச்சு. அவ்வளவுதான்."

பிறவியிலேயே ஒரு கால் கட்டையாம். ஆஸ்பத்திரியில அளவெடுத்துச் செஞ்சு குடுத்த ஷூ இது. இன்னொண்ணுக்கு எழுதிக் குடுத்திருக்கா, முறை வர அடுத்த வருஷம் ஆகுமாம். ஷூவைத் திருப்பிக் கேட்டு எங்க கலைக்கூடத்துக்கு மூணு கடிதம் போட்டிருக்கா. ரெண்டுக்குப் பதிலே இல்லை. மூணாவதுக்கு, இறந்தவங்க பொருளை வாரிசுகிட்டதான் குடுப்போம்னு பதில் போயிருக்கு.

"என் வாரிசுக்கு நான் எங்கேங்க போவேன்? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை."

வேற ஒரு தொழிற்சாலையில வர்ற திங்கட்கிழமை வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. சாஞ்சு நடந்து போனா வாசலோட திருப்பி அனுப்பிடுவாங்களாம். வேற வழி தெரியாம எடுத்துட்டேன்னா.

நான் இயக்குநரைப் பார்த்தேன். செத்தவங்களுக்கே அழுத மனுஷன், உயிரோட ஒருத்தி வந்து நின்னா துள்ளிக் குதிக்க மாட்டாரா?

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரலையும் தாழ்த்திக்கிட்டார்.

"நூத்திப் பன்னிரண்டுன்னு கண்காட்சிப் புத்தகமே அச்சாயிடுச்சும்மா. கண்காட்சி இன்னும் மூணு வாரம்தான், ஷூ இங்கேயே இருக்கட்டும். அதுவரைக்கும் நீங்க உயிரோட இருக்கறதை வெளியில சொல்லிக்காதீங்க."

அதை அதோட இடத்துல வெச்சுடுன்னு என்கிட்ட சொல்லிட்டு, கூட்டத்துக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டார். அந்தப் பொண்ணு குனிஞ்சு ஷூ கயித்தை அவிழ்க்க ஆரம்பிச்சா.

"விடு, கழட்டாதே," ன்னேன்.

என் சீருடை ஷூவுல வலதை மட்டும் கழட்டினேன். காலையில பாலிஷ் போட்டது. வாசல் கால்மிதியில நாலு தடவை தேய்ச்சுப் பளபளப்பை எடுத்து, நாற்பத்தேழாம் நம்பர் அட்டைக்குப் பின்னாடி வெச்சேன். கறுப்போட கறுப்பு. அவளைப் பின்வாசல் வழியா அனுப்பிட்டு, அவ விட்டுட்டுப் போன ரப்பர் செருப்பை மாட்டிக்கிட்டு வீட்டுக்குப் போனேன். தெரிஞ்சா வேலை போயிடும். என் வீட்டுக்காரர்கிட்டகூட மூச்சு விடலை.

மறுநாள் காலையில சிற்பி அம்மாவே வந்துட்டாங்க. கூட வெளிநாட்டுக் கலைக்கூடத்துக்காரங்க பத்து பேர். நான் நாற்பத்தேழுக்குப் பக்கத்துல, அதைப் பாதி மறைச்சாப்ல நின்னுக்கிட்டேன்.

சிற்பி அம்மா ஒவ்வொரு வரிசையா வந்து, சரியா என் முன்னாடிதான் நின்னாங்க. மண்டி போட்டு உட்கார்ந்து, என் ஷூவையே பார்த்தாங்க.

"இதை என் கையாலேயே எடுத்தேன்." வந்தவங்க பக்கம் திரும்பினாங்க. "எடுக்கும்போது இன்னும் சூடு ஆறலை. இதைப் போட்டிருந்தவளோட முகத்தை ஒரே ஒரு தடவை பார்க்க மாட்டோமான்னு இன்னிக்கும் ஏங்கறேன்."

வந்தவங்கள்ல ரெண்டு பேர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

சிற்பி அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாங்க.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா, மறைக்குது."