கவர் மட்டும்

புனேயின் மகர்பட்டா குடியிருப்பில் மாதாமாதம் நடக்கும் விதைப் பகிர்வில் எல்லாம் இலவசம். எடுத்தவர் விளைவித்து, விதையாகத் திருப்பித் தரவேண்டும் என்பது மட்டுமே விதி.

சூர்யநாராயணன் நீட்டிய கவரைப் பொறுப்பாளர் பானு பிரித்தாள்.

"அங்கிள், ஒரே மாசத்துல அவரை காய்ச்சு விதையாகுமா? போன தடவை எடுத்ததையே கவர் மாத்திக் கொண்டு வந்திருக்கீங்க."

"ஆமாம்மா."

"விதைக்கவே இல்லையா?"

"வீட்ல பால்கனி கிடையாது."

"அப்புறம் எதுக்கு எடுக்கறீங்க?"

அவர் பெட்டியில் அச்சடித்த லேபிள் ஒட்டிய கவர்களை ஒதுக்கி, கையால் எழுதிய ஒரு கவரை எடுத்தார்.

"இந்த மாதிரி இன்னும் இருக்கா?"

"எனக்கு முன்னாடி இங்க இருந்த ப்ரீதி எழுதினது அது. அவங்க இறந்தப்புறம் பிரிண்ட்தான். இதுதான் கடைசி."

"விதையை அடுத்த மாசம் கொண்டு வந்துடறேன்," என்றார். "எனக்கு என் பொண்ணு கையெழுத்து போதும்."