இன்னும் ஒருவர்

மருந்து ஆய்வு முடிய இன்னும் ஒரே ஒரு சாவுதான் பாக்கி. பழைய மருந்து ஏறுகிறவர்களில் இன்னும் ஒருவர் போய்ச் சேர்ந்தால், புது மருந்தே மேல் என்று வார்டுக் கணினித் திரை தீர்ப்புச் சொல்லிவிடும். மறுநிமிடமே எல்லோருக்கும் அதுதான்.

செண்பகவல்லியின் கணவனுக்கு ஏறிக்கொண்டிருந்தது பழைய மருந்து.

"இப்பவே மாத்திப் போடுங்க டாக்டர், உங்க கால்ல விழுறேன்."

"திரை சொன்னாத்தாம்மா மருந்துப் பெட்டி திறக்கும். என் கையில ஒண்ணுமே இல்ல."

பக்கத்துக் கட்டில்காரருக்கும் பழைய மருந்துதான், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. போயிடு, போயிடு என்று செண்பகவல்லியின் மனம் அடித்துக்கொண்டது. சீச்சீ என்று தலையைத் திருப்பினாள்.

அவருடைய மனைவி, காலையில் தன் இட்லியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தவள், செண்பகவல்லியின் கணவனையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் அப்படியேதான் இருக்காராக்கா?" என்று கேட்டாள்.