முழுக்கைச் சட்டை

தன் கல்யாணத்தைப் பேச டீக்கடைக்கு வந்த பூவராகன், கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். ரணஜன்னி, தொண்டை அடைப்பான் நோய்கள் வராமலிருக்கப் பத்து வயதிலிருந்து பத்தாண்டுக்கொரு ஊசி. ஒவ்வொன்றும் முழங்கையருகே ஒரு பச்சைப் புள்ளியை விட்டுவிட்டுப் போகும். கட்டிக்கொள்ள நினைத்த குமுதவல்லியிடமோ தனக்கு நாற்பத்தெட்டு வயது என்று சொல்லியிருந்தார். அந்த அம்மாள் நாற்பத்தைந்து என்றிருந்தார்.

டீக்கடை பெஞ்சில் குமுதவல்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும், துருப்பிடித்த ஆணி ஒன்று அவர் கையைக் கீறிவிட்டது. கடைக்காரர் ஓடிவந்து சட்டைக் கையைச் சுருட்டினார்.

“அஞ்சு புள்ளி இருக்கு சார். கடைசியும் மங்கிப்போச்சு. உடனே ஊசி போட்டுக்குங்க.”

பூவராகன் தலையைத் தொங்கப்போட்டார். “ஐம்பத்தொன்பதுங்க.”

குமுதவல்லிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தன் முழுக்கை ரவிக்கையை ஏற்றிவிட்டார். ஆறு புள்ளிகள்; ஆறாவது பளிச்சென்று இருந்தது.

“எனக்குப் போன மாசம்தான் போட்டாங்க. வலிக்கவே வலிக்காது. வாங்க, போலாம்.”