ஐந்தாவது கோரிக்கை

“உங்க பள்ளிவாசலுக்குத்தான் பாய் நாங்க வெயில்ல நிக்கிறோம். நீங்க கையெழுத்துப் போடாம நின்னா என்ன அர்த்தம்?”

போராட்டக்காரர் உத்தமன் குரலை உயர்த்தியதும் சந்தைத் தெருவில் கூட்டம் கூடிவிட்டது.

சுல்தான் காலத்துப் பள்ளிவாசல் அது. சாலையை அகலப்படுத்த, அதன் முகப்பையும் ஒரு மினாராவையும் இடிக்க நாள் குறித்திருந்தார்கள். மறுநாள் காலை ஏழு மணி. அதற்கு முன், அன்று மாலை ஐந்துக்குள் தொல்லியல் அலுவலகத்தில் மனு சேர்ந்தால் இடிப்பு நிற்கும். ஆனால் பள்ளிவாசலில் வேலை பார்க்கும் ஒருவராவது கையெழுத்துப் போட்டிருக்க வேண்டுமாம்.

பள்ளிவாசல் கமிட்டிக்காரர்கள் பயந்து ஒதுங்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி அழைக்கும் மோதினார் தஸ்தகீர் ஒருவர்தான்.

பூக்காரி போட்டாள். பாத்திரக் கடை முனிகிருஷ்ணன் போட்டார். ரிச்சர்ட்ஸ் டவுன் டோரீன் டீச்சர் தெருத் தெருவாக அலைந்து முந்நூறு கையெழுத்து வாங்கி வந்திருந்தார். தஸ்தகீர் மட்டும், அரசு அலுவலகத்துக்காகக் கன்னடத்தில் அச்சடித்த மனுவைக் கையில் பிடித்தபடி மரம் மாதிரி நின்றார்.

“என்ன பாய், ரோடு கான்ட்ராக்டர் வீட்டுல பிரியாணி பலமோ?” என்றார் முனிகிருஷ்ணன்.

கூட்டம் சிரித்தது.

“விடுங்க உத்தமன். அவருக்குப் படிக்கத் தெரியுமோ என்னவோ,” என்றார் டோரீன் மெதுவாக.

“தெரியலைன்னா கட்டைவிரலை வைக்கட்டும். நாப்பது வருஷமா தடியடி வாங்கினவன் டீச்சர் நான். துரோகிங்களை மூஞ்சியைப் பார்த்தே சொல்லிடுவேன்.”

தஸ்தகீர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பள்ளிவாசலின் பின்சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தச் சுவரை ஒட்டிய தகரக்கூரை அறையில்தான் அவரும் அவர் மனைவியும் இருபத்தேழு வருடமாகக் குடியிருக்கிறார்கள்.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

“நாலு வார்த்தை சுருக்குன்னு கேட்டாத்தான் நம்ம ஜனங்களுக்கு ரோஷம் வருது,” என்றார் உத்தமன்.

இடிப்பு நின்றது. மினாரா பிழைத்தது. உத்தமனுக்கு மாலை விழுந்தது. பேப்பரில் படம் வந்தது. அதில் தஸ்தகீர் இல்லை.

மூன்று மாதம் கழித்து உத்தமன் அந்தத் தெரு வழியாக வந்தபோது, பின்சுவரோரம் ஒரு லக்கேஜ் ஆட்டோ நின்றது. அண்டா, டிரங்குப் பெட்டி, சுருட்டிய பாய் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. தகரக் கூரை தரையில் கிடந்தது.

அங்கே நின்றிருந்த தொல்லியல் அதிகாரி ரகுவிடம் பாய்ந்தார் உத்தமன்.

“ஏழை வீட்டைப் பிரிக்க உங்களுக்கு அதிகாரம் கொடுத்தது யாரய்யா?”

ரகு நிதானமாக ஃபைலைத் திறந்து காட்டினார். “நீங்கதான் சார். உங்க மனுவுல அஞ்சு கோரிக்கை. அஞ்சையும் ஒத்துக்கிட்டோம். கடைசியா இருக்கறதைப் பாருங்க.”

‘புராதனச் சுவரை ஒட்டிய ஆக்கிரமிப்புகள் அனைத்தையும் உடனே அகற்று!’

உத்தமன் எழுதியதுதான். ஏரியோ, பூங்காவோ, கோட்டையோ, எதற்காகப் போராடினாலும் அவருடைய துண்டறிக்கைகள் எல்லாம் அந்த வரியில்தான் முடியும். யோசித்து எழுதுவதில்லை. நாற்பது வருடப் பழக்கம், கை தானாக எழுதிவிடும்.

தயங்கித் தயங்கி ஆட்டோவின் அருகே போனார். தஸ்தகீர் மனைவியைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.

“எங்கே பாய் போறீங்க?”

“ஹெப்பகோடிக்கு. ஊருக்கு வெளியே, மக வீடு அங்கேதான்.”

“அப்போ பாங்கு?”

“விடிகாலைத் தொழுகைக்கு அங்கேயிருந்து எந்த பஸ் சார் வருது? வேற ஆள் வெச்சுட்டாங்க. நல்ல குரல்தான் அவருக்கும்.”

உத்தமன் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “என்ன எழுதியிருக்குன்னு தெரியாமலே கையெழுத்துப் போட்டுட்டீங்களே பாய். யாரையாவது படிச்சுக் காட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“கன்னடம் நல்லாப் படிப்பேன் சார். அந்தக் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சிட்டு நின்னேன். மாத்தச் சொல்லலாம்னுதான் பார்த்தேன். மறுபடி அச்சடிச்சு, அத்தனை பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கணுமே... மணி அப்பவே நாலரை ஆயிடுச்சு.”