கை சுடலியா?

மகனுக்குப் பெண் பார்க்க உத்திரமேரூர் வந்த சொக்கம்மாள் அசந்துபோனாள். கொதிக்கும் பால் குண்டானை அடுப்பிலிருந்து வெறுங்கையால் இறக்கினாள் கனகா.

"இன்னாம்மா, கை சுடலியா?"

"எம்பொண்ணு சூட்டுக்கெல்லாம் அசரமாட்டா!" என்றார் அப்பா பஞ்சாட்சரம், பெருமையாக.

மாப்பிள்ளை சடையப்பன் சட்டென்று எழுந்தான். கூரையில் செருகியிருந்த கோழி இறகை உருவினான். கனகாவைக் கண்மூடச் சொல்லி, உள்ளங்கையில் தடவினான்.

"தெரிதா?"

"இன்னும் தொடலியே?"

எல்லோரும் விழித்தார்கள்.

"இன்னா மாப்ளே வெளையாட்டு?"

"கையில நரம்பு செத்துகீது மாமா. தொட்டாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. குஷ்டம். மாத்திரை சாப்ட்டா மேல பரவாது."

"உனுக்கு எப்டித் தெரியும்?" பஞ்சாட்சரம் சீறினார்.

சடையப்பன் சட்டைக் கையை மடித்தான். முழங்கையில் வெளிறிய தேமல்.

சொக்கம்மாள் தலைகுனிந்தாள். "இவனுக்குக் கொணமாயிடுச்சி. உங்களாண்ட எப்டிச் சொல்றதுன்னுதான் பஸ்ல பூரா பயந்துக்கினு வந்தோம், சம்பந்தி."